விங்கர்களுக்கென்று ஒரு பயிற்சி வகுப்பு: வடசென்னையிலிருந்து ஒரு தாயின் மதிப்புரை

என் மகனுக்குப் பதினான்கு வயது. இடது கால் ஆட்டக்காரன். பள்ளியின் கால்பந்து அணியில் வலது ஓரத்தில் விங்கராக, அதாவது ஓரமாக ஓடித் தாக்கும் ஆட்டக்காரனாக, ஆடுகிறான். சென்ற ஜூன் மாதம் தொடங்கி பத்து வாரங்கள், வடசென்னையில் ஒரு டர்ஃபில் (செயற்கைப் புல் விரித்த சிறு மைதானத்தில்) விங்கர்களுக்கென்றே நடத்தப்படும் பயிற்சி வகுப்புக்கு அவனை அனுப்பினேன். வகுப்பு முடிந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. நிறைகளோடு குறைகளையும் எழுத வேண்டியிருப்பதாலும், அதை நடத்துகிறவர் எந்த நிறுவனத்தின் துணையும் இல்லாத தனி மனிதர் என்பதாலும், பெயரைத் தவிர்த்திருக்கிறேன். பெரம்பூர், வியாசர்பாடி பக்கம் பந்தாடும் பிள்ளைகளிடம் கேட்டால் வழி சொல்லிவிடுவார்கள்.

கட்டணம் 7,500 ரூபாய். வாரத்தில் மூன்று நாள் மாலை ஐந்து மணிக்குக் களப்பயிற்சி. சனிக்கிழமை மட்டும் டர்ஃபின் மேல்தளத்தில் உள்ள தகரக் கூரை அறையில் ஒன்றரை மணி நேரம் காணொளிக் காட்சியோடு ஒரு வகுப்பு. மொத்தம் 18 பிள்ளைகள். அவர்களில் இருவர் பெண் குழந்தைகள். பயிற்றுநரும் ஓர் உதவியாளரும் பார்த்துக்கொள்கிறார்கள். சேர்க்கும்போது நான் களப்பயிற்சிக்காகத்தான் பணம் கட்டினேன். அந்தச் சனிக்கிழமை வகுப்பைக் கட்டணத்துக்குள் சேர்த்த இலவச இணைப்பாகவே நினைத்தேன். பத்து வாரம் கழித்துப் பார்க்கையில் கொடுத்த பணத்துக்கு ஈடாக நிற்பது அந்தச் சனிக்கிழமைகள்தாம்.

களப்பயிற்சி மோசம் என்று பொருளல்ல. முதல் மூன்று வாரங்களும் பந்தை வாங்கும் விதத்தையே சொல்லிக்கொடுத்தார்கள். இடது கால் பிள்ளை வலது ஓரத்தில் நிற்கும்போது, உள்பக்கத்திலிருந்து வரும் பந்தை இடது காலாலேயே வாங்கத்தான் உடல் தானாக விரும்பும். என் மகனும் அப்படியே பழகியிருந்தான். அப்படி வாங்கினால், இவன் உள்ளே வெட்டத்தான், அதாவது மைதானத்தின் நடுப்பக்கம் திரும்பத்தான், போகிறான் என்பது எதிரே நிற்கும் ஓரத் தடுப்பாளரான ஃபுல்பேக்குக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும் என்று பயிற்றுநர் விளக்கினார். பக்கக் கோட்டை ஒட்டிய வலது காலால் வாங்கச் சொன்னார். அப்போது ஃபுல்பேக், இவன் கோட்டோரமாக ஓடப் போகிறான் என்று கருதி இடுப்பைத் திருப்புவான். அவனுடைய முன்கால் தரையில் ஊன்றும் அந்த நொடியில் இடது காலால் பந்தை உள்ளே இழுக்க வேண்டும். பந்தைப் பார்க்காதே, அவன் முன்காலைப் பார் என்பதை அன்றாடம் சொன்னார்கள். பந்து வருவதற்கு முன்னால் தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கும் பழக்கத்துக்கென்று ஒரு பயிற்சி இருந்தது: உதவியாளர் பிள்ளையின் பின்னால் நின்று விரல்களைக் காட்டுவார், பந்து காலைத் தொடுவதற்குள் எத்தனை விரல் என்று சொல்ல வேண்டும். முதல் வாரம் என் மகன் பத்துக்கு மூன்று முறைகூடச் சரியாகச் சொல்லவில்லை. ஐந்தாம் வாரத்தில், வீட்டில் சாம்பார் வாளியை நீட்டினால்கூட ஒருமுறை பின்னால் பார்த்துவிட்டுத்தான் வாங்கினான்.

இனிச் சனிக்கிழமை. முதல் வகுப்பில் பயிற்றுநர் திரையில் காட்டியது பிரேசில்காரரையோ போர்ச்சுகல்காரரையோ அல்ல, இந்தோனேசியாவின் எகி மௌலானா விக்ரி என்னும் விங்கரை. பெற்றோர்களும் விரும்பினால் அமரலாம் என்றதால் நானும் என் தந்தையும் பின்வரிசையில் இருந்தோம். உலகப் புகழ் பெற்றவர்களின் ஆட்டத்தைப் பார்த்துப் பிள்ளைகள் வியக்கலாம். ஆனால் அவர்கள் நடந்த பாதை நம் பிள்ளைகளின் காலுக்கு எட்டாது என்பது பயிற்றுநரின் வாதம். இந்தோனேசியா நம்மைப் போலவே பந்தாட்டத்தின் மீது பெரும் பித்துக் கொண்ட நாடு. நம்மைப் போலவே உலகக் கோப்பை வாசலில் நெடுங்காலம் காத்து நிற்கும் நாடு. அங்கிருந்து உயரமும் உடற்கட்டும் குறைந்த ஒரு பையன் ஐரோப்பாவுக்குப் போய், ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் இருந்து, திரும்பி வந்து, இன்றும் ஆடிக்கொண்டிருக்கிறார் என்றால், அந்தக் கணக்கை வரிவரியாகப் படிக்கலாம் என்றார். ஒரு தாயாக எனக்கும் அதுவே தேவைப்பட்டது.

எகி 2000-ஆம் ஆண்டு ஜூலை 7 அன்று சுமத்ராவில் உள்ள மேடான் நகரில் பிறந்தவர். அந்தப் பெயரைக் கேட்டதும் என் தந்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் டெலி புகையிலைத் தோட்டங்களுக்கு நம் ஊரிலிருந்து கூலி வேலைக்குப் போனவர்கள் குடியேறிய நகரம் அது; அங்கே இன்றும் ‘கம்போங் மெட்ராஸ்’ என்று ஒரு பகுதி உண்டு; 1884-இல் எழுந்த மாரியம்மன் கோயிலும் அங்கேதான் இருக்கிறது. பாடத்துக்கு இதனால் ஒரு பயனும் இல்லை என்றாலும், திரையில் ஓடிய அந்தப் பையன் அதற்குப் பிறகு எங்களுக்கு அந்நியனாகத் தெரியவில்லை.

இளம் வயதில் ஜகார்த்தாவின் ரகுனான் விளையாட்டுப் பள்ளியில் தங்கிப் படித்தவர் எகி. 2017-ஆம் ஆண்டில் பிரான்சின் தூலோன் நகரில் நடக்கும் இளையோர் போட்டியில் வளரும் வீரருக்கான விருதைப் பெற்றார். அதே ஆண்டு மியான்மரில் நடந்த பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கான தென்கிழக்கு ஆசியப் போட்டியில் எட்டு கோல்களோடு முதலிடம் பிடித்தார். சிறிய உடலும் இடது காலும் சேர்ந்ததால், நாடே அவரை ‘எகி மெஸ்ஸி’ என்று அழைக்கத் தொடங்கிவிட்டது. பதினேழு வயதுப் பிள்ளையின் தோளில் அப்படி ஒரு பெயரை ஏற்றுவது எவ்வளவு பெரிய சுமை என்று பயிற்றுநர் கேட்டபோது, என் மகன் உட்படப் பல பிள்ளைகள் தலைகுனிந்தார்கள். அவர்களுக்கும் தெருவில் அப்படிப் பட்டப் பெயர்கள் உண்டு.

2018 மார்ச்சில் போலந்தின் லெஹியா குடான்ஸ்க் கிளப் அவரை ஒப்பந்தம் செய்ததாக அறிவித்தது; பத்தாம் எண் சட்டையும் கொடுத்தது. ஆனால் உடனே ஆட முடியவில்லை. பதினெட்டு வயது நிறைவதற்கு முன் ஒரு வீரர் வேறு நாட்டு கிளப்புக்குப் பதிவு மாறுவதை உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதி பொதுவாகத் தடுக்கிறது. பெற்றோர் பந்தாட்டத்துக்குத் தொடர்பில்லாத காரணத்தால் அந்த நாட்டில் குடியேறியிருப்பது, ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளேயே பதினாறு வயதுக்கு மேற்பட்டவர் மாறுவது, எல்லைக்கு ஐம்பது கிலோமீட்டருக்குள் வசிப்பது போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. ஆகவே எகி தம் பிறந்த நாள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இந்த விதியைப் பயிற்றுநர் விளக்கிய அரை மணி நேரத்தில் நான் வேறொரு கணக்கையும் போட்டுக்கொண்டிருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் என் அக்காவின் மகனுக்குப் பதினாறு வயதாக இருந்தபோது, முகவர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் வீட்டுக்கு வந்து, ஐரோப்பிய கிளப் ஒன்றில் தேர்வாட்டம் வாங்கித் தருவதாகவும், தேறினால் அந்தப் பருவத்திலேயே அணியில் சேர்த்துவிடுவார்கள் என்றும் கூறி 80,000 ரூபாய் முன்பணம் பெற்றுக்கொண்டு போனார். அக்கா தம் வளையலை அடகு வைத்துக் கொடுத்த பணம் அது. தேர்வாட்டமும் நடக்கவில்லை, பணமும் திரும்பவில்லை. அந்த வயதில் சேர்ப்பதாகச் சொன்னதே விதிக்கு ஒவ்வாத பேச்சு என்பதை எங்களுக்கு எடுத்துச் சொல்ல அன்று ஒருவரும் இல்லை. அந்த வகுப்பு முடிந்த மாலை அக்காவுக்குத் தொலைபேசியில் இதைச் சொன்னபோது, அவர் நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. சென்னையில் பந்தாடும் பிள்ளை இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் இந்த அரை மணி நேரப் பாடம் போய்ச் சேர வேண்டும் என்று மனமாரச் சொல்கிறேன்.

இரண்டாம், மூன்றாம் சனிக்கிழமைகள் போலந்துக் காலத்தைப் பற்றியவை. பயிற்றுநர் பலகையில் ஆண்டு, கிளப், களத்தில் கிடைத்த நேரம் என்று மூன்று பத்தி போட்டு, பிள்ளைகளையே நிரப்பச் சொன்னார். 2018 முதல் 2021 வரை லெஹியாவின் முதல் அணியில் எகிக்குக் கிடைத்தவை மிகச் சில ஆட்டங்களே. அவற்றிலும் பெரும்பாலும் கடைசி நேர மாற்று ஆட்டக்காரராகவே இறங்கினார். மற்ற வாரங்களில் இரண்டாம் அணியோடு கீழ்நிலை லீக்கில் ஆடினார். ஊரில் மெஸ்ஸி என்று பெயர் வாங்கியவர் பால்டிக் கடலோரக் குளிரில் பெரும்பாலும் பெஞ்சில் இருந்தார். இந்த மூன்று ஆண்டுகளும் வீணாகிவிட்டன, ஆடக் கிடைக்கும் சிறிய கிளப்புக்கு முன்பே போயிருக்க வேண்டும் என்பது பயிற்றுநரின் தீர்ப்பு.

இங்கே நான் அவரோடு உடன்படவில்லை. வகுப்பு முடிந்தபின் அவரிடமே சொன்னேன். எகி சேர்ந்த முதல் பருவத்திலேயே, அதாவது 2018–19-இல், லெஹியா போலந்துக் கோப்பையை வென்றது. லீக்கில் மூன்றாம் இடம் பெற்றது. ஓர் அணி தன் உச்சத்தில் இருக்கும்போது அதற்குள் நுழைந்த பதினெட்டு வயதுப் பையன் இடம் பிடிக்கத் திணறியதில் வியப்பில்லை. ஆடாத ஆண்டு என்பதும் கற்காத ஆண்டு என்பதும் ஒன்றாகிவிடாது. என் தந்தை ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். தொழிற்சாலை அணியில் இரண்டு பருவம் ரிசர்வில் இருந்துவிட்டு மூன்றாம் பருவத்தில் ‘லெஃப்ட் அவுட்’ (இடது ஓர ஆட்டக்காரர்) ஆக இறங்கியவர்களை அவர் அறிவார். “பெஞ்சுல இருக்கிறவன்தான் மத்தவன் எப்படி ஆடுறான்னு முழுசாப் பார்க்கிறான், சார்” என்று அவரும் பயிற்றுநரிடம் சொன்னார். பயிற்றுநர் மறுக்கவில்லை, அடுத்த வாரம் அதையே பிள்ளைகளுக்கு ஒரு கேள்வியாகக் கொடுத்தார். பெற்றோரின் எதிர்க்கருத்தை இப்படி வகுப்புக்குள் எடுத்துக்கொள்ளும் மனம் எத்தனை பயிற்றுநர்களுக்கு வரும் என்று எனக்குத் தெரியவில்லை. அதற்காகவே அவர் மீது மதிப்புக் கூடியது.

2021-இல் எகி ஸ்லோவாக்கியாவின் செனிட்சா கிளப்புக்குப் போனார். மேடான் இருபது லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் பெருநகரம். செனிட்சாவின் மக்கள்தொகை ஏறத்தாழ இருபதாயிரம். அந்தச் சிற்றூரில்தான் அவருக்கு வாரந்தோறும் ஆட இடம் கிடைத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் சிங்கப்பூரில் நடந்த தென்கிழக்கு ஆசியக் கோப்பை அரையிறுதியின் இரண்டாம் ஆட்டத்தைப் பயிற்றுநர் ஒரு முழு வகுப்புக்குக் காட்டினார். சிங்கப்பூருக்கு எதிராகக் கூடுதல் நேரம் வரை போன அந்த ஆட்டத்தில், 107-ஆம் நிமிடத்தில் எகி அடித்த கோலோடு இந்தோனேசியா 4–2 என்று வென்று இறுதிக்குச் சென்றது. கோலை ஒருமுறைதான் காட்டினார். அதற்கு முந்தைய பத்து நிமிடங்களைத்தான் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். அப்போது சிங்கப்பூர் அணியில் இருவர் வெளியேற்றப்பட்டு ஒன்பது பேரே எஞ்சியிருந்தார்கள். அப்படி ஆள் குறைந்த அணி நடுவில் கூட்டமாக நெருங்கி நிற்கும்போது, விங்கர் கோட்டை விட்டு உள்ளே ஓடி வந்தால் அந்தக் கூட்டத்துக்குத் தானே உதவி செய்கிறார் என்றும், கோட்டிலேயே பொறுமையாக நின்றால் எதிரணியின் ஒருவர் வெளியே வந்தே ஆக வேண்டும் என்றும் காட்டினார். என் மகன் அடுத்த பள்ளி ஆட்டத்தில் பந்து வராதபோதும் கோட்டில் நின்றான். ஆசிரியர் ஓரத்திலிருந்து உள்ளே வா என்று கத்தினார், அவன் நகரவில்லை. அதை நான் கண்ணால் பார்த்தேன்.

செனிட்சாவின் கதை நல்லபடியாக முடியவில்லை. 2022-இல் கிளப் நிதி நெருக்கடியில் சிக்கி, அடுத்த பருவத்துக்கான உரிமத்தை இழந்தது. எகி அதே நாட்டின் ஸ்லாத்தே மொராவ்ட்சே கிளப்புக்கு மாறினார். 2023 தொடக்கத்தில் தாயகம் திரும்பி, ஜகார்த்தாவை ஒட்டிய தேவா யுனைட்டெட் கிளப்பில் சேர்ந்தார். அந்த கிளப் 2024–25 பருவத்தில் இந்தோனேசிய லீக்கில் இரண்டாம் இடம் பெற்றது. திரும்பி வந்ததைத் தோல்வி என்று எழுதியிருந்த பிள்ளைகளின் தாள்களை எடுத்து, பயிற்றுநர் அந்தச் சொல்லை அடித்துவிட்டுப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டுத் திருப்பிக் கொடுத்தார். இருபத்திரண்டு வயதில், மூன்று ஐரோப்பிய கிளப்புகளைப் பார்த்துவிட்டு, சம்பளம் ஒழுங்காக வரும் இடத்தில், தன் மொழி பேசும் ஊரில், முழு நேரம் ஆடுவது எந்தக் கணக்கில் தோல்வி என்று கேட்டார். எங்கள் வீட்டில் அந்தக் கேள்வி இன்னும் பேசப்படுகிறது.

ஒப்பீட்டுக்காக விதான் சுலைமானையும் எடுத்துக்கொண்டார்கள். 2001-இல் சுலவேசித் தீவின் பாலு நகரில் பிறந்த இவரும் விங்கர்; இவரும் ரகுனான் பள்ளி மாணவர். 2018 செப்டம்பர் 28 அன்று பாலுவை நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் சிதைத்தன. மூன்று வாரங்களில் இந்தோனேசியாவிலேயே தொடங்கிய பத்தொன்பது வயதுக்குட்பட்டோருக்கான ஆசியப் போட்டியில் விதான் சீன தைபே (தைவான்) அணிக்கு எதிராக இரண்டு கோல் அடித்தார். ஐக்கிய அரபு அமீரகத்துக்கு எதிரான ஒரே கோலும் அவருடையதே. 2004 டிசம்பர் 26 அன்று காசிமேட்டிலும் மெரினாவிலும் என்ன நடந்தது என்பதை நேரில் பார்த்த எங்களுக்கு, இதைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. என் தந்தை எழுந்து வெளியே போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டு வந்தார். பிறகு விதானும் செர்பியா, போலந்து, ஸ்லோவாக்கியா என்று சுற்றி, செனிட்சாவில் எகியோடு சேர்ந்தே ஆடி, அவரைப் போலவே 2023-இல் நாடு திரும்பி ஜகார்த்தாவின் பெர்சிஜா கிளப்பில் சேர்ந்தார். அதே ஆண்டு கம்போடியாவில் நடந்த தென்கிழக்கு ஆசிய விளையாட்டுப் போட்டியில், 1991-க்குப் பிறகு முதன்முறையாகப் பந்தாட்டத் தங்கம் வென்ற இந்தோனேசிய அணியில் இவரும் இருந்தார்.

இவ்வளவு ஆழமாகச் செல்லும் பாடத்தில் உள்ளூர் பாதைக்குக் கடைசி வாரத்தில் அரை மணி நேரம் மட்டுமே ஒதுக்கியது பெரிய குறை. சென்னையிலிருந்து புறப்பட்ட விங்கரான நந்தகுமார் சேகர், 2023 ஆகஸ்ட் 12 அன்று டூரண்ட் கோப்பையில் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணிக்காக அதே ஊரின் மோகன் பகானுக்கு எதிராக அடித்த ஒற்றைக் கோலைக் காட்டினார்கள். வலது ஓரத்திலிருந்து உள்ளே வெட்டி இடது காலால் அடித்த கோல் என்பதால் என் மகன் துள்ளிக் குதித்தான். ஆனால் அவர் சென்னை லீக்கிலிருந்து எப்படி மேலே போனார், அந்த லீக்கின் படிநிலைகளான டிவிஷன் ஆட்டங்கள் எப்படி நடக்கின்றன, ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே போன்ற அணிகளில் விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர என்ன வேண்டும், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளுக்கு எந்த வகுப்பில் விண்ணப்பிக்க வேண்டும் என்பனவற்றுக்கு ஒரு முழு சனிக்கிழமையாவது வேண்டும். குடான்ஸ்க் வரை அழைத்துப் போனவர்கள், பெரியமேட்டு நேரு விளையாட்டரங்கத்துக்கும் அழைத்துப் போக வேண்டாமா?

களத்தைப் பற்றிய குறை இன்னும் கூர்மையானது. ஐவர் ஆடும் டர்ஃபில் விங்கர் பயிற்சியை முழுமையாகத் தர முடியாது. முழு மைதானம் 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் கொண்டது. இங்கே பிள்ளை ஏழெட்டுக் காலடி வேகமெடுத்தவுடன் வலை வந்துவிடுகிறது. பந்தை வாங்குவதையும் திரும்புவதையும் இங்கே கற்கலாம். ஓடி முந்துவதையும், கோட்டின் முனையிலிருந்து பந்தைப் பின்னுக்குத் தள்ளித் தருவதையும் கற்க முடியாது. பத்து வாரத்தில் பெரிய மைதானத்துக்கு மூன்று முறைதான் அழைத்துப் போனார்கள். ஜூன் மாத மாலை ஐந்து மணிக்கும் செயற்கைப் புல்லில் சூடு இறங்குவதில்லை. முதல் வாரம் மகனின் இரு பாதங்களிலும் கொப்புளம் வந்தது. எந்த ஷூ வாங்க வேண்டும் என்று சேரும்போதே சொல்லியிருக்கலாம். மண் தரைக்கான நீளக் குமிழ் ஷூவோடு பல பிள்ளைகள் வந்தார்கள். செயற்கைப் புல்லில் அது கொக்கிபோல மாட்டிக்கொண்டு முழங்காலைத் திருகும். சிறு சிறு ரப்பர் குமிழ் நிறைந்த டர்ஃப் ஷூவுக்கு இரண்டாம் முறை பணம் செலவழித்தோம். குடிநீர் வசதி உண்டு. பெண் பிள்ளைகள் உடை மாற்றத் தனி அறை இல்லை, இதை உடனே சரிசெய்ய வேண்டும்.

பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இது வேண்டாம்; அவர்கள் எல்லா இடத்திலும் ஆடிப் பழகட்டும். ஏற்கெனவே பள்ளிக்கோ கிளப்புக்கோ ஆடுகிற, பதின்மூன்று முதல் பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகளின் பெற்றோர் துணிந்து சேர்க்கலாம்; சனிக்கிழமைகளில் பிள்ளையை இறக்கிவிட்டுப் போகாமல் தாமும் அமர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த பிரிவுக்கு நான் பணம் கட்டிவிட்டேன். கட்டும்போது பெரிய மைதானத்தைப் பற்றிக் கேட்டேன். ஞாயிறுதோறும் காலை ஆறு மணிக்கு மாநகராட்சி மைதானம் ஒன்றில் இடம் பேசியிருப்பதாகப் பயிற்றுநர் சொன்னார். முதல் ஞாயிறு போய்ப் பார்த்தோம். கோல் கம்பத்துக்கு வலை இல்லை, ஒரு மூலையில் தண்ணீர் தேங்கியிருந்தது. ஆனால் வலது ஓரம் மட்டும் முழு நீளத்துக்கும் காய்ந்து கிடந்தது.